ஐந்நூறு கஜம்

இன்னாசி வயோமிங்கிலிருந்து கூப்பிட்டான்.
நவம்பர்ல சீசன். லைசென்ஸ் நான் எடுக்கிறேன்.
உனக்கு ஒரு மான், எனக்கு ஒரு மான்.
அதுக்குள்ள சுடக் கத்துக்கோ.
தண்டையார்பேட்டைல எங்கடா சுடறது என்றேன்.

கிளப்பில் பத்து மீட்டர்தான்.
காற்றுத் துப்பாக்கி, மிளகளவு ஈயம்,
பிஸ்கட்டைவிடச் சின்னதாய் ஒரு கறுப்பு வட்டம்.
சொல்லிக்கொடுத்த ஃபர்ஹானாவுக்கு இருபத்திரண்டு வயது,
எனக்கு நாற்பத்தொன்பது, தொப்பை வேறு.
"இழுக்காதீங்கண்ணே, அமுக்குங்க.
வெடிக்கிறது உங்களுக்கே திடுக்குனு இருக்கணும்."
ஹார்பரில் இருபத்துமூன்று வருஷமாய் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் மேலிருந்து
கன்டெய்னரின் நாலு மூலையிலும் ஒரே மூச்சில் பூட்டு இறக்குவேன்.
திடுக்கென்று எதுவும் நடக்கக் கூடாது என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மொட்டைமாடியில் குப்புறப் படுத்துப் பழகினேன்.
துப்பாக்கிக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் குழாய்,
அதற்கு முட்டு, ரேஷன் அரிசி அடைத்த சாக்ஸ்.
குழாய் நுனியில் ஐந்து ரூபாய்க் காசு.
பாதி மூச்சை விட்டு, மீதியை நிறுத்தி
விரலை மடக்கும்போது காசு விழக் கூடாது.
எதிர்மாடியில் வடகம் காயவைத்தவள் குணவதியைக் கேட்டாளாம்:
"இன்னாக்கா, உன் வூட்டுக்காரர்
தெனம் படுத்துக்கினு யாரப் பாக்குறாரு?"

காற்றைப் பார்த்தேன்.
மணலியில் எரியும் தீ எந்தப் பக்கம் சாய்கிறது,
எண்ணூர்ப் புகை எங்கே முறிகிறது,
காசிமேட்டுப் படகில் கொடி
துவள்கிறதா, படபடக்கிறதா.
மூணு மணிக் காத்து, ஒன்பது மணிக் காத்து என்பான் இன்னாசி,
கடிகாரத்தைத் தரையில் கிடத்தினாற்போல.
அவன் அப்பா கடலுக்குப் போனவர்.
கொண்டல், கச்சான், வாடை என்று
அவன் வீட்டிலேயே பெயர்கள் இருந்தன.
அவன் மறந்ததை நான் போனில் திருப்பிக் கொடுத்தேன்.

குண்டு நேராகப் போவதில்லை.
கிளம்பின நொடியிலிருந்தே விழுந்துகொண்டே போகிறது.
ஐந்நூறு கஜம் போவதற்குள் மார்பளவு இறங்கிவிடும்.
போய்ச் சேர முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவு.
அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைக்கலாம்.
வைக்காது என்று நம்பித்தான் சுட வேண்டும்.

விசா கிடைக்கவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு கஜத்தில் இருந்த பெண்
பாஸ்போர்ட்டோடு ஒரு தாளைத் தள்ளினாள்.
ஒரு கஜத்துக்கு யாரும் காற்றுப் பார்ப்பதில்லை.

நவம்பர் பதினாலு. அங்கே காலை ஏழு,
இங்கே இரவு ஏழரை, கரண்ட் இல்லை.
வீடியோவில் இன்னாசியின் குசுகுசு:
"ஐந்நூறுடா. காத்து பிடிபடல. நீ சொல்லு."
ஸ்கோப்பின் கண்ணில் போனை ஒட்டவைத்திருந்தான்.
பனி. மஞ்சள் புல். நடுவே
பக்கவாட்டில் ஒரு மான், காதைத் திருப்பியபடி.
புல் அசைந்ததா, படம் நடுங்கியதா, தெரியவில்லை.
அப்போது அது மூச்சு விட்டது.
வெள்ளையாய்ச் சின்ன ஆவி,
மூக்கைத் தாண்டி இடப்பக்கமாய் நீண்டு கரைந்தது.

"வலப்பக்கத்திலிருந்து வருது. எட்டு மைல் இருக்கும்.
ஒரு முழம் வலக்க வை" என்றேன்,
பூக்காரி அளப்பதுபோல் முழங்கையை நீட்டி,
யாருமில்லாத இருட்டில்.

சத்தம் கேட்டது. படம் உறைந்தது.
நெட்வொர்க் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க
மான் நின்றுகொண்டிருந்தது,
முன்னங்கால் ஒன்று தரையில் இருந்து
கொஞ்சம் எழும்பினாற்போல.

பக்கத்தில் குழாயிலிருந்து காசு விழுந்தது.
மூன்று மாதத்தில் முதல் முறை.
எங்கோ உருண்டு போய்ச் சுற்றிப் படுத்த சத்தம்.
தேட வெளிச்சம் வேண்டும்.
போனில் டார்ச் போடலாம்தான்,
அந்தப் படத்தை மூட வேண்டும்.

கீழே குணவதி இரண்டாம் முறை கூப்பிட்டாள்.
காசு காலையில் கிடைக்கும் என்று
சுவரைத் தடவிக்கொண்டே படி இறங்கினேன்.