விகுதி

வெள்ளிக்கிழமை மாலை, பள்ளிக்கூட அறை.
அவுசங்காத்தே மலை ஜன்னலுக்குள் முழுதாக அடங்கவில்லை.
குஸ்கோவிலிருந்து வந்த சுவிசேஷ வரைவு,
ஓரம் சுருண்ட தாள்கள், என் மடியில்.
நான் வாசிப்பேன். அவர்கள் திருத்துவார்கள்.
இதற்கு எனக்குச் சம்பளம் உண்டு;
நம்பிக்கை உண்டா என்று
நேர்காணலில் யாரும் கேட்கவில்லை.

எங்கள் கெச்சுவாவில் பொய் சொல்வது கொஞ்சம் கடினம்.
கண்ணால் கண்டதென்றால் வால்போல் ஒரு 'மி' வரவேண்டும்.
பிறர் சொல்லக் கேட்டதென்றால் 'சி'.
மழை பெய்தது. மழை பெய்ததாம்.
இரண்டுக்கும் நடுவே யாரோ ஒருவன் நனைந்திருக்கிறான்.
குடித்து விழுந்த இரவைப் பேசும்போது
தன்னைப் பற்றியே 'சி' போடுவார் நிகாசியோ:
நான் பாடினேனாம். பிறகு அழுதேனாம்.

வரைவு முழுக்க 'மி'.
கடல் அடங்கியது. குருடன் கண்டான்.
"எழுதினவர் படகில் இருந்தாரா?" என்றார் நிகாசியோ.
"அவரிடம் சொன்னவர் இருந்திருக்கலாம்."
"அப்போ 'சி'."
ஒரு அதிகாரத்துக்குள் ரப்பர் பாதியாகத் தேய்ந்தது.

அவர் கடவுளின் மகன் என்ற வரியில் சிக்கிக்கொண்டோம்.
சீடர்களுக்கு அது பிடிபடவில்லை.
சொந்த ஊருக்கு அவர் தச்சர், அவ்வளவுதான்;
அங்கே அவராலேயே அதிகம் செய்ய முடியவில்லை.
பேய்கள்தான் முந்திக்கொண்டு கத்துகின்றன.
"அதுகளுக்கு 'மி' போடு" என்றாள் கிரெகோரியா.
"அதுகள் நேரில் பார்த்திருக்கும்."
அறிவது ஒன்று, நம்புவது வேறு என்று
எனக்கு உறைத்தது
ஒரு பேயின் வினைச்சொல்லில்.

பிறகு அந்தத் தகப்பன்.
நெருப்பிலும் தண்ணீரிலும் போய் விழுகிற பையன்.
எவுலாலியா அதுவரை வாய் திறக்கவில்லை,
உலர்கிழங்கின் தோலை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.
அவளுடைய வில்பருக்கு முழங்கையில் அடுப்புத் தழும்பு.
சுகாதார நிலையத்து மாத்திரை
மாதம் பாதியிலேயே தீர்ந்துவிடும்.

தகப்பன் ஒரே மூச்சில்
உண்டென்கிறான், இல்லையென்கிறான்.
"அவன் மனசு அவனுக்குத் தெரியாதா? இரண்டுக்கும் 'மி'தான்" என்றேன்.
இலக்கணம் என் பக்கம் இருந்தது.

அவள் தலை நிமிரவில்லை.
"நம்புகிறேனாம் என்று எழுது.
பிள்ளை நுரை தள்ளிக் கிடக்கையில்
நான் என்னென்னவோ சொல்லிக் கும்பிடுகிறேனாம்.
பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்கே தெரியும்.
நம்பாததற்கு மட்டும் 'மி' போடு.
அது எனக்குத் தெரியும். விடிகாலையில் அதோடு
உட்கார்ந்திருக்கிறேன்."

எழுதினேன். பென்சிலால்.
குஸ்கோவில் சிவப்பு மையால் அடிப்பார்கள்.
கடைசித் தாளை யாரும் திருத்தவில்லை, இருட்டிவிட்டது.
கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் பயந்துபோய்
ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லையாம்.
அப்படியானால் நம்மிடம் சொன்னது யார்?

பாலத்தருகே வண்டிக்காரப் பையன்
ஸ்பானிய மொழியில் கேட்டான், ஏறுகிறீர்களா என்று.
"சி" என்றேன்.
அவன் மொழியில் அதற்கு ஆம் என்று பொருள்.
மூட்டைகளை நகர்த்தி இடம் கொடுத்தான்.