கடைசி விதி

பத்தொன்பது யூரோ.
ஒரு சதமும் இறங்கவில்லை அந்தப் பெடியன்.
வூப்பர்டாலில் மழை பிடித்துக்கொண்ட சனிக்கிழமைச் சந்தை,
தார்ப்பாயின் கீழ் நனையாமல் கிடந்தது அது மட்டும்தான்:
சீப்பு மிட்டாய்ப் பெட்டி அளவில், கறுப்பாய்,
முதுகில் காப்புறுதி நிறுவனமொன்றின் ஒட்டுத்தாள்.
மூன்றாம் மாடி. இலக்கம் 0417.

ஏழெட்டு வருடம் யாரோ ஒருத்தி
இதன் முன் இருந்து
வெடித்த குழாய்களுக்கும் எரிந்த குசினிகளுக்கும்
இழப்பீடு எழுதியிருப்பாள்.
இதற்கென்று நினைவு எதுவும் இல்லை.
எல்லாம் எங்கோ இருந்த சேர்வரில்.
இது காட்டிக்கொண்டு மட்டும் இருந்தது.
(எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது, விடுங்கள்.)

மதனரூபன் போய்ப் பதினொரு மாதம்.
சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுத்தான் போனான்,
நியாயமான ஆள்.
போன கிழமை ஒரு செய்தி:
“இரவு ரெண்டு மணிக்கும் நித்திரை இல்லையோ?”

ரவுட்டரைத் திறந்து பார்த்தேன்.
வெளியிலிருந்து நுழைய ஒரு கணக்கு, அவன் பெயரில்.
கடவுச்சொல் எங்கள் கலியாணத் திகதி.
அன்றே மடிக்கணினியின் கமராவில் ஒரு பிளாஸ்டர் ஒட்டினேன்,
ஆரூரன் முழங்காலுக்கு வாங்கியது, டைனோசர் போட்டது.

நாலு திருகாணி.
பற்றரி செத்திருந்தது,
கடிகாரம் 2012 தை ஒன்று என்றது.
அப்போது எனக்குக் கலியாணமே பேசவில்லை.
அப்படியே விட்டுவிடலாமோ என்று
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நேரம் பிழைத்தால் சான்றிதழ் ஒன்றும் செல்லாது.
மாற்றினேன்.

ஒரே ஒரு நெட்வொர்க் வாய் அதற்கு.
காவலுக்கு இரண்டு வேண்டும்,
தெருவைப் பார்க்க ஒன்று, வீட்டைப் பார்க்க ஒன்று.
வைஃபை அட்டையைப் பிடுங்கிய இடத்தில்
பன்னிரண்டு யூரோ அட்டை; தகரத்தை நகவெட்டியின் அரத்தால்
அராவி அராவி ஓட்டை.
தொங்குரயில் யன்னலுக்கு நேரே ஊர்ந்து போனது,
உள்ளே நாலைந்து பேர் என்னைப் பார்த்தார்கள்,
இரவுச்சட்டையில், வாயில் திருகாணியோடு.
அதற்குத் திரைச்சீலை போதும்.

விதிகளை அது மேலிருந்து கீழாக வாசிக்கும்.
முதலில் பொருந்துவது வெல்லும்.
கடைசி விதி எல்லோருக்கும் ஒன்றுதான்:
மேலே சொல்லாத எவரையும் விடாதே.
அதைக் கொண்டுபோய் நான் முதலில் போட்டேன்.
என் வீட்டுக்கு வெளியே நானே நின்றேன், இரவு ஒன்று நாற்பதுக்கு.
தொலைக்காட்சியைக் கழற்றிவந்து பூட்டி,
விசைப்பலகையை மடியில் வைத்து
என்னை நானே உள்ளே எடுத்தேன்.

பிறகு பதிவேடு ஓடத் தொடங்கியது.
இருபத்திரண்டாம் வாசல், இருபத்துமூன்றாம் வாசல், தட்டல், தட்டல்.
ஒருவருக்கும் என்னைத் தெரியாது,
இலக்கத்தைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள்.
அதில் ஒரு நிம்மதி.
ஒன்பது பதினாலுக்கு, பழைய ரவுட்டர் வாசலை மட்டும்,
ஹாகன் பக்கத்து முகவரியொன்று.
மூன்று தரம்.
மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.
எழும்பிப்போய்த் துணி மடித்தேன்.

ஆனால் ஒன்றுவிட்டொரு வார இறுதியில்
ஆரூரனும் ஹாகனில்தான்.
அவன் டேப்லெட்டும்.
அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு
நானே ஒரு சுரங்கம் வெட்டவேண்டும்.
இரண்டு நாள் யோசித்தேன்.
பொது முகவரி கேட்டு நிறுவனத்துக்கு மூன்று தொலைபேசி,
நாற்பத்துநாலு எழுத்தில் ஒரு சாவி,
கடைசி விதிக்குச் சரியாக மேலே ஒரு வரி:
இந்தச் சாவிக்கு, இந்த மடிக்கணினி. வேறொன்றுமில்லை.

சனி, இரவு எட்டு ஐந்து.
கைகுலுக்கல்: பன்னிரண்டு விநாடிக்கு முன்.
பெட்டியின் மேல் கை வைத்தேன், இளஞ்சூடு.

“அம்மா, உங்கட பக்கம் இருட்டாக் கிடக்கு.”
“இல்லையே, லைட் போட்டிருக்கு.”
“ஒண்டும் தெரியேல்ல. அம்மா? நிக்கிறீங்களா?”

டைனோசரின் வாலிலிருந்து
மெல்ல உரிக்கத் தொடங்கினேன்.