நீர்மட்டம்

படத்துக்கு முடிவு கேட்கிறார் தயாரிப்பாளர்.
என்னிடம் இருப்பது
அறுநூறு மணி நேரத் தண்ணீர்.

ஈரோட்டில் ஜவுளிக்கடைக்கு மேல்மாடி,
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
வெட்டுகிறேன். வெட்டியதைத் திரும்ப ஒட்டுகிறேன்.

முதல் காட்சியில் சென்னியப்பன் சிரிக்கிறார்.
திருச்செங்கோட்டில் மூன்று ரிக் வண்டி,
ஆந்திரா வரைக்கும் ஆயிரமடி துளைத்த கை
பவானிசாகரைக் காட்டுகிறது:
"இது வெறும் அறுபது அடிங்க."

அடியில் ஓர் இரும்புப் படகு.
அணை நிரம்பிய முதல் வருடம்
சிமெண்ட் ஏற்றிப் போய் ஆடிக் காற்றில் கவிழ்ந்தது.
மூட்டைகள் எப்போதோ கல்லாகியிருக்கும்,
அவருக்கும் தெரியும்.

லாரி டியூப் நாற்பதைக் கட்டி இறக்கி
ரிக் கம்ப்ரசரில் காற்றடித்தார்.
டியூப்கள் மட்டும் மேலே வந்தன,
செத்த எருமைகள் மாதிரி உப்பி.
தூத்துக்குடியிலிருந்து வந்த மரியதாசன்
ஒன்பது நாள் முங்கினான்.
"உப்பில்லாத தண்ணி ஆளைத் தூக்காது அண்ணாச்சி"
என்று சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனான்.
அவன் கொண்டுவந்த பித்தளைக் கைப்பிடி
அதன்பிறகு எல்லாக் காட்சியிலும்
சென்னியப்பன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்கிறது.

துளசிமணியக்கா ஒரே ஒருமுறை பேசினார்.
"மூணு வண்டி ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு.
அதை அணைச்சுப்போட்டு ஒருவாய் சாப்பிடு சாமி.
நீயும் அவரு கூட்டந்தானே."
அணைக்கவில்லை. அதுவும் பதிவாகியிருக்கிறது.

நாலாம் வருடம் மழை இல்லை.
கீழ்பவானி வாய்க்காலை அடைத்தார்கள்.
அணை முப்பத்தெட்டு அடி.
மாசியில் ஒரு காலை
படகு தானாக வெளியே நின்றது.
மேல்தட்டில் இரண்டு வெள்ளாடு.
யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.
வெடித்த சேற்றில் யானைத் தடம்
அதை ஒதுக்கி வளைந்து போயிருந்தது.

எனக்குக் கை நடுங்கியது. இதுதான் முடிவு.
சத்தியமங்கலத்துக் கிரேன்காரரிடம் கேட்டேன்:
"அரை நாள் வேலைங்க."

சென்னியப்பன் பாதி தூரம் நடந்து வந்தார்.
நீர் இருந்திருந்தால் இடுப்பளவு இருக்கும் இடத்தில்
நின்றுவிட்டார்.
ரொம்ப நேரம் கழித்து,
ஆட்டைப் பார்த்தபடி:
"இதுக்குப் பேரு எடுக்கறதில்லீங்க.
பொறுக்கறது."

பிறகு கரையேறி உட்கார்ந்து
நீலகிரிப் பக்கம் பார்க்கத் தொடங்கினார்.
அதை நாற்பது நிமிடம் எடுத்திருக்கிறேன்.

இன்று காலை போன்.
குரலில் கல்யாணக் களை.
"ஊட்டியில நல்ல மழைங்க. நாப்பத்தாறு அடி.
மூக்கு மட்டுந்தான் தெரியுது,
மத்தியானத்துக்குள்ள முங்கிரும்.
வர்றீங்களா?"

தயாரிப்பாளரின் அழைப்பு இரண்டாவது லைனில் அடிக்கிறது.
பேட்டரியைச் சார்ஜில் போடுகிறேன்.