எரிய வேண்டிய மூன்று விநாடி

சாவியைத் திருப்பினால்
பேட்டரி எரியும், ஆயில் எரியும், கதவு எரியும்,
பிறகு ஒவ்வொன்றாக அணையும்.
அந்த மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்ததே இல்லை.
குறையில்லாத வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.
விற்ற ஜோல்தோஷ்பெக்கும் அதையேதான் சொன்னான்:
"பாருங்கள் அக்கா, ஒரு பொட்டு மஞ்சள் உண்டா?"

பதினெட்டு வயது ஹோண்டா.
ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது.
பிஷ்கெக்கிலிருந்து ஓஷுக்கு
நான்கு பேர், நான்கு மூட்டை, நான்.

காரா-பால்தாவில் காவலர் கைகாட்டினார்.
உலர்ந்த சாலை. நடை வேகம்.
நிற்கப்போகிற கடைசி முழத்தில்
பெடல் பாதத்துக்கடியில் கடகடவென்று துடித்தது,
சாக்கில் கட்டிய கோழி மாதிரி.
வண்டி ஒரு கை தூரம் நழுவிப் போய்
அவர் பூட்ஸில் மூக்கை வைத்தது.
அவர் பூட்ஸைப் பார்த்தார், பிறகு என்னை.
இருநூறு சோம் போனது.

பனியில் துடித்தால் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது.
காய்ந்த தாரில், ஆமை வேகத்தில் துடித்தால்
ஏதோ ஒரு சக்கரம் பொய் சொல்கிறது.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.
அன்று "குளிர்" என்று சொல்லிக்கொண்டேன்.
குளிர்மேல் எதையும் போடலாம், அது மறுத்துப் பேசாது.

தோ-அஷூ சுரங்கம் தாண்டி இறக்கம்.
பின்சீட்டில் பல்வலியோடு ஒரு கணக்காளர்,
அவரை ஒட்டி, மடியில் கல்யாணக் கேக்கோடு ஒரு பையன்.
வளைவுக்கு அப்பால்
சாலை முழுக்கக் குதிரைகள்.

மிதித்தேன்.
அந்தத் துடிப்புக்காகக் கால் காத்திருந்தது.
வரவில்லை.
சக்கரங்கள் இறுகிக் கட்டையாயின.
ஸ்டீயரிங் இடம் என்றது, வண்டி நேர் என்றது.
பிரேக் போகவில்லை, அது இறுக்கமாகவே பிடித்தது.
போனது, பிடித்ததை விடத் தெரிந்த மூளை.

இன்னும் மிதி, இன்னும் மிதி என்று கத்தியது பயம்.
நான் காலை எடுத்தேன்.
எப்போதோ பால் லாரி ஓட்டிய மூன்று குளிர்காலம்
குதிகாலில் எங்கோ மிச்சமிருந்தது.
விட்டேன், உருண்டது, திருப்பினேன்,
மிதித்தேன்
விட்டேன்
மிதித்தேன்

ஒரு சாம்பல் குட்டி
முன்கண்ணாடியில் மூச்சு விட்டுப் பார்த்தது.
கேக் கூழாகியிருந்தது.
"பல்வலி போய்விட்டது" என்றார் கணக்காளர்,
யாரும் கேட்காமலே.

குதாய்பெர்கென் சந்தையில் அமான்தூர்
சக்கரத்தைத் தொடவில்லை.
டாஷ்போர்டைக் கழற்றினான்.
"எரியவே எரியாத விளக்கென்றால்
முதலில் விளக்கைத்தான் சந்தேகப்படணும்."
பல்பு இருக்க வேண்டிய குழி காலி.
அங்கே மலைமேல்
வண்டி என்னிடம் சொல்லத்தான் பார்த்திருக்கிறது.
நாக்கைப் பிடுங்கி விற்றிருந்தான் ஒருவன்.

புது பல்பு எரிந்தது. அணையவில்லை.
முன் இடது சக்கரம்: உரசி உரசி அறுந்த வயர்,
சென்சார் முகத்தில் துருவும் இரும்புத் தூளும்,
தூக்கத்தில் ஒட்டிய கண் போல.
"பொருள் வர பத்து நாள்.
மலைப்பக்கம் போகாதே.
முன்னே போகிற வண்டிக்கு இரண்டு மடங்கு இடம் விடு.
பழைய காலத்துக் கார் என்று நினைத்துக்கொள்."

பத்து நாள் ஊருக்குள்ளேயே ஓடினேன், மஞ்சளோடு.
"அது என்ன விளக்கு?" என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன்.
ஏழு பேர் இறங்கிப் போனார்கள்.
எட்டாவது ஆள் இறங்கியபோது
ஜோல்தோஷ்பெக்கின் கணக்கு எனக்குப் புரிந்தது.
புரிந்ததுதான் பயமாக இருந்தது.
அன்றிரவு பல்பின்மேல் ஒரு விரலை வைத்து
மறைத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டேன்.

இப்போது
சாவியைத் திருப்பியதும் கையைக் கட்டிக்கொள்கிறேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
மஞ்சள் அணைகிறது.
"கிளம்பலாமே" என்கிறார்கள் பின்னாலிருந்து.
முதலில் சந்தைக்குப் பின்புறம்,
ஆளில்லாத பனித்திடலில் ஒரு சுற்று.
ஓங்கி ஒரு மிதி.

கோழி துடிக்கிறது.
சரி, போகலாம்.