வாலிநோக்கத்தில் இரண்டாவது ரோல்

மீட்டருக்கு உலகம் ஒரே நிறம்.
எதைக் காட்டினாலும் சாம்பல் என்றே நினைக்கும்.
உப்பைக் காட்டினேன்.
சாம்பலாக்கு என்றது, ஆக்கினேன்.

முதல் ரோலில்
அம்பாரத்தின் கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம்.
அதன் முன்னால்
பலகை பிடித்து நின்ற பூமயில் ஓர் ஓட்டை.
சேலைமேல் போட்ட ஆண்சட்டை,
தலைத்துண்டு,
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"உப்பு நல்லா விழுந்துருக்கு" என்றாள்.
"பக்கத்துல என்னது, கருவேலங்கட்டையா?"

மறுபடி போனேன்.
ஆனி மாதம், கச்சான் காற்று
கண்ணில் மண்ணள்ளிப் போடும் காலம்.
ஏழரை மணிக்கே பாத்திகள்
பார்க்க முடியாதபடி பற்றிக்கொண்டன.
இந்தத் தடவை உப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
தலைத்துண்டின் நிழலுக்குள்
மீட்டரை நீட்டினேன்.
"காச்சலா பாக்குற?"

இருந்தது வெளிச்சம் அங்கேயும்.
கொஞ்சம்தான்.
மூக்குத்திக்கும் கன்னத்துக்கும் நடுவில்,
காதுமடலுக்குக் கீழே
வியர்வை காய்ந்து பூத்த வெள்ளைக் கோட்டில்,
தரையிலிருந்து உப்பே ஏந்திக் கொடுத்த வெளிச்சம்.
நாலு என்றது மீட்டர்.
இரண்டு ஸ்டாப் குறைத்து எட்டில் வைத்தேன்.
இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்,
குருடாக வேண்டாம்.
உப்பு எக்கேடு கெட்டாலும் கெடட்டும்,
அதற்கு ராத்திரி இருக்கிறது.

ராத்திரி ஏர்வாடியில், லாட்ஜ் குளியலறை.
கதவிடுக்கில் போர்வை.
ரீலில் சுற்றும்போது கரண்ட் போனது,
மாடி முழுக்கக் கூச்சல்,
கவலைப்படாத ஒரே ஆள் நான்.
குழாயில் வருவதும் பாதி கடல்தான்.
கேன் தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரியில் நின்று
இறங்க மாட்டேன் என்றது.
மீன் கம்பெனியில் ஒரு சாக்கு ஐஸ்.
உருகி முடிந்தபோது
வாளியில் இரண்டு செதில் மிதந்தது,
தெர்மாமீட்டரில் இருபது.

பதினொரு நிமிடம் என்று போட்டிருக்கிறது டப்பாவில்.
பதினொன்று வைத்தால்
பூமயில் பிழைத்துக்கொள்வாள்,
உப்பு சுண்ணாம்புச் சுவராகிவிடும்.
நிழல் வர வேண்டியது சீக்கிரமே வந்துவிடும்.
வெளிச்சத்துக்குத்தான் போதும் என்றே தெரியாது,
வைக்க வைக்க ஏறும்.
சோறு குழைவதற்குள் இறக்குகிற மாதிரி
எட்டில் இறக்கினேன்.
நிமிடத்துக்கு ஒருமுறைதான் கவிழ்த்தேன்,
தூங்குகிற பிள்ளையைப் புரட்டுவதுபோல.

பிலிமும் உப்புதான், வெள்ளி உப்பு.
அங்கே வெயில்
உப்பை வெளுத்து ஆளைக் கறுக்கும்.
இங்கே உப்பையே கறுக்கிறது.
படாதது ஹைப்போவில் கரைந்து
லாட்ஜ்காரர் சாக்கடையில் போகிறது.

கொடியில் தொங்கவிட்டு டார்ச் அடித்தேன்.
கரியாக அம்பாரம்,
கண்ணாடியாக அவள் முகம்,
அந்தக் கண்ணாடியிலும் புகைபோல ஏதோ.
அந்தப் புகைக்காகத்தான் இவ்வளவும்.

பன்னிரண்டு படம்.
ஒன்பதாவதில் எல்லாம் இருக்கிறது.
வெள்ளைக்குள் வெள்ளையாக உப்பின் ஓரங்கள்,
பலகை இழுத்த கீறல்,
யாரோ நடந்துபோன தடம்,
தலைத்துண்டின் நிழலுக்குள் நெற்றி,
நெற்றிக்குள் அம்மைத் தழும்பு,
கறுப்பில் மட்டும் நாலைந்து வகை.

கண் மூடியிருக்கிறது.

பத்து, பதினொன்று, எல்லாவற்றிலும் மூடித்தான்.
கடைசிப் படத்தில் மட்டும் பாதி.

"உப்பப் பாத்து நிக்கச் சொல்லிட்டு
கண்ணத் தொறன்னா எப்புடி?
இருபத்திரண்டு வருசமா இம்புட்டுத்தான்.
வேலைக்கு வேணுங்குற அளவு தொறப்போம்."

நெகட்டிவை வாங்கி
வெயிலுக்கு நேரே பிடித்தாள், தலைகீழாக.
"அந்தப் பாதிக் கண்ணு படத்தக் கழுவிக் குடு."

அதில் ஃபோகஸ் இல்லை.
காற்றில் என் கை ஆடியிருந்தது.
ஒன்பதாவது எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று
சொல்லிப் பார்த்தேன்.
பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டாள்.

பன்னிரண்டாவதைத்தான் கழுவினேன்.