அட்டைக்குழல்

கிச்சன் பேப்பர் தீர்ந்துபோன அட்டைக்குழல்.
நடுவில் ஒரு கீறல், போன் செருகும் அளவு.
முனைக்கு ஒன்றாக இரண்டு காகிதக் கப்.
ரொட்டிக் கத்தியால்தான் அறுத்தாள் மக்வாலா;
குத்தாய்சி நகரின் அந்த ரொட்டிக்கடையில்
மாவு பிசையும் இயந்திரத்தின் கூச்சலுக்கு
போனின் தொண்டை போதவில்லை.

முதலில் பாட்டு.
ரொட்டி எடுக்கும் கம்பியோடு
இடுப்பை ஆட்டினாள் நாத்தேலா.
அப்புறம், போலந்திலிருந்து புருஷன் அனுப்பிய குரல்:
"லாரியில்தான் இருக்கிறேன். தனியாக. நல்ல மழை."
நேற்றிரவு தலையணையில் வைத்து
ஏழு தடவை கேட்டதுதான்.

இப்போது கப்புகள் வாய் பிளந்து சொல்கின்றன:
மழை இல்லை.
கண்ணாடித் தம்ளரில் யாரோ
ஸ்பூனால் கலக்கும் சத்தம்,
டிங், டிங், நிதானமாக.

அவன் டீக்குச் சர்க்கரை போடுவதில்லை.

இயந்திரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.
அவசரமாய் நாத்தேலா
அதை மறுபடி போட்டாள்.