அழுத்தியிருக்கும் வரை

பாலம் போன நான்காம் நாள்.
பள்ளிப் பேருந்தை மேட்டில் நிறுத்தியிருக்கிறேன்.
ஸ்பைஸ்வுட் பள்ளத்தாக்கில்
ஓடையின் இரு கரையும் தெரிகிற ஒரே இடம்.
மடியில் வருகைப் பதிவேடு.
பிள்ளைகளின் பெயர் இருந்த தாள்களின் பின்புறம்
இப்போது வீடுகளின் பெயர்.

கைப்பேசிக் கோபுரம் சேற்றில் தலைகுப்புறக் கிடக்கிறது.
மிச்சம், பெட்ரோல் பங்கில் ஜோடி முப்பது டாலருக்கு விற்ற
வாக்கி டாக்கிகள்.
மான் வேட்டைக்கென்று வாங்கியவை சில.
டாம்ஸினின் பிறந்தநாளுக்கு வந்த ஊதா நிறம் ஒன்று.
மூன்றாம் சேனல். எட்டு, பன்னிரண்டு, நான்கு, மறுபடி எட்டு.
ஐந்தே நிமிடம், பிறகு அணைத்துவிட வேண்டும்.
உலைக்கு அரிசி மாதிரி
பேட்டரியை அளந்துதான் போடுகிறோம்.

அழுத்து. ஒரு மூச்சு பொறு. பேசு. விடு.
முதல் நாளே சொல்லிக்கொடுத்தேன்.
அழுத்தியிருக்கும் வரை உனக்கு எதுவும் கேட்காது
என்பதை மட்டும் இரண்டு தடவை.

பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.
நலம். நலம்.
கூரை போச்சு, மத்தபடி நலம்.
வெர்லின் ப்ரூயிட் எப்போதும் கடைசி.
தொண்டையைச் செருமிக்கொண்டு, நலம்.

இன்று நான்கு மணிக்குத் திறந்தால்
சேனலில் ஏற்கெனவே ஆள்.
நாற்காலியின் முனகல்,
மரத்தரையில் நாயின் நகங்கள்.
எங்கோ மெத்தை மடிப்பில் சிக்கிப்
பொத்தான் அழுந்திக் கிடக்கிறது.
"வெர்லின், எடுங்க, எடுங்க" என்றேன்.
கேட்காதென்று எனக்கே தெரியும்.

டெல்ஃபியாவின் இன்சுலின் குப்பி உடைந்துவிட்டது.
அவள் மகன் இடுப்பளவு சேற்றில் வந்து சொல்லிப் போனான்.
அதை மலைமுகட்டில் ஓடெலுக்குச் சொல்ல வேண்டும்.
கார் பேட்டரி, ஓக் மரக்கிளையில் எறிந்து கட்டிய கம்பி,
அமெச்சூர் உரிமம்,
மலைக்கு அப்பால் போகிற குரல் அவருடையது மட்டும்தான்.
அவரும் மூன்றில்தான் காத்திருக்கிறார்.
எல்லோருமே அங்கே, வாயடைத்து,
ஒரு மனிதரின் அடுக்களையைக் கேட்டபடி.

கரண்டி தகரத்தைச் சுரண்டியது.
மறுபடி சுரண்டியது.
காலி டப்பாவின் சத்தம் யாருக்குத்தான் தெரியாது.
"இந்தா பிஸ்கட், நீ தின்னு.
எனக்கு நேத்தே பசி விட்டுப்போச்சு."
பிறகு ஒத்திகை:
"வெர்லின் பேசறேன். நலம்."
இன்னும் கொஞ்சம் உரக்க,
"இங்க எல்லாம் நலம்."
நாயிடம் கேட்டார், "இது பரவாயில்லையா?"

பக்கத்துச் சேனலுக்குத் திருகினேன். வெறுமை.
ஐந்தில் இரைச்சல்.
ஆறில் மூக்கடைத்த ஒரு குரல்:
"யாராச்சும் இருக்கீங்களா? நான் டாம்ஸின்.
மூணு அடைச்சுக்கிச்சு, எல்லாரும் இங்க வாங்க. ஓவர்."
இப்படி ஒரு மாற்றுச் சேனல் வேண்டுமென்று
பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.
குமிழைத் திருகித் திருகி ஒவ்வொருவராக வந்தோம்.
ஓடெல் மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னார்.
காலையில் ஹெலிகாப்டராம். வந்தால்தான் நிச்சயம்.

வெர்லினுக்கு அருகில் இருப்பது ஹாலிஸ்.
மூட்டு வலிக்காரர். கயிறு இருக்கிறது, போகிறேன் என்றார்.

நான் மூன்றுக்குத் திரும்பினேன்.
ஒட்டுக்கேட்பதுதான். கேட்டேன்.
கதவில் தட்டல். குரைப்பு.
"யாரது?"
"நான்தான். எந்திரிங்க வெர்லின்,
ரேடியோ மேல உக்காந்திருக்கீங்க."
நெடுநேரம் ஒன்றுமில்லை.
"எப்பருந்து?" என்றார் வெர்லின்.
க்ளிக்.

எட்டு மணி.
வெர்லின் செருமினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.
"நாலு டப்பா பீன்ஸ் இருக்கு.
முன்னாடி இல்ல. ஓவர்."
அடுத்து க்ளோவிஸ் வீடு:
நல்ல தண்ணீர் நேற்றே தீர்ந்தது.
அதற்கடுத்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல்,
மூன்று நாளாக.
நலம் என்று சொல்ல அரை நொடி போதும்.
மற்றதெல்லாம் பேட்டரியைத் தின்கிறது.
ஐந்து நிமிடம் பதினான்காயிற்று.
நான் நிறுத்தச் சொல்லவில்லை.

அணைக்கப்போகும்போது ஊதா ரேடியோ:
"பிஸ்கட் சாப்பிட்டுச்சா? ஓவர்."

நாயின் பெயர் எங்களுக்கு எப்படித் தெரியுமென்று
வெர்லினுக்குப் புரிய
ஒரு நொடி ஆனது.
பிறகு சிரித்தார்,
பொத்தானை விடாமல்.